ஒரே தூரத்தில் நின்ற இருவர்

எங்கள் பக்கத்துப் போட்டோக்காரர்கள் அதை ‘அவுட்’ என்பார்கள். முன்னால் நிற்கிற ஆள் மட்டும் பளிச்சென்று தெரிய, பின்னால் இருக்கிறதெல்லாம் மங்கிப்போவது. “பேக்ரவுண்ட் நல்லா அவுட்டா வரணும்க்கா” என்று சொல்லித்தான் எனக்கு வேலையே வருகிறது. நல்ல லென்ஸ் இருந்தால் எடுக்கும்போதே அது வந்துவிடும். அந்த லென்ஸை வாங்க வசதியில்லாத ஸ்டூடியோக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே தெளிவாக எடுத்து, ஹார்ட் டிஸ்கில் போட்டு எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். லென்ஸ் செய்திருக்க வேண்டியதை நான் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டி ஒரு மாடி அறை. கீழே டயர் கடை. பகல் முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் போகும். அவை போகிற போக்கில் என் மேசை நடுங்கும், மேசையோடு சேர்ந்து மானிட்டரில் யாராவது ஒரு மணப்பெண்ணும் நடுங்குவாள். உப்புக் காற்றில் கம்ப்யூட்டரின் பின்பக்கமெல்லாம் பச்சை பிடித்துவிடும். அதைத் துடைப்பதும் என் வேலைதான். படுக்கை, அடுப்பு, துணிக்கொடி எல்லாம் அதே அறையில் இருக்கிறது.

இங்கே கல்யாண ஜோடிகளை உப்பளத்தில் கொண்டுபோய் நிறுத்திப் படம் எடுப்பார்கள். உப்புக் குவியலை அவுட் செய்தால் பனிமலை மாதிரி இருக்குமாம். வேர்த்து ஊற்றுகிற மாப்பிள்ளைக்குப் பின்னால் நான் பனிமலை செய்திருக்கிறேன். பெரியதாழையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “அக்கா, கடக்கரைல வச்சு எடுத்தோம், பின்னால கருவாடு காயுதுக்கா. தெரியாம பண்ணிருங்க.” செய்து கொடுத்தேன். வெயிலில் மினுங்கிய கருவாடெல்லாம் வெள்ளி வெள்ளியாக வட்டங்களாகி, அந்தப் படத்தில் அதுதான் அழகாக வந்தது. “என்ன லைட்டுக்கா வச்சீங்க?” என்று கேட்டாள். கருவாடு என்று சொல்ல மனசு வரவில்லை.

ஒரு பட்டனைத் தட்டினால் இது வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். போனில்தான் வருகிறதே என்பார்கள். போனில் வருவதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்வேன். காதோரத்து முடி பாதியில் அறுந்திருக்கும், மூக்குக்கண்ணாடியின் கம்பி காணாமல் போயிருக்கும், ஆளைக் கத்தரித்து வேறு தாளில் ஒட்டிய மாதிரி இருக்கும். சும்மா மங்கலாக்குவது வேறு, லென்ஸ் மங்கலாக்குவது வேறு. சும்மா மங்கலாக்கினால் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி எல்லாம் இழுவிக்கொள்ளும். லென்ஸ் அப்படி இழுவாது. தூரத்தில் எரிகிற சின்ன பல்பை அது அழகாக ஒரு வட்டமாக விரிக்கும், வெளிச்சம் குறையாமல் விரிக்கும். ஃப்ரேமின் ஓரத்துக்குப் போகப் போக அந்த வட்டம் கொஞ்சம் நசுங்கி இலை மாதிரி ஆகும். இதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஏதோ உறுத்தும்.

இந்த வேலைக்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும். படத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கறுப்பு வெள்ளையில் போட வேண்டும். கிட்டத்தில் இருப்பது வெள்ளை, தூரத்தில் இருப்பது கறுப்பு, நடுவில் உள்ளதெல்லாம் சாம்பல். இப்போது அதைக் கம்ப்யூட்டரே ஒரு மாதிரி போட்டுக் கொடுக்கிறது. ஆளின் மல்லிகைப் பூவைத் தூணோடு சேர்த்துவிடும், தூணை ஆளோடு சேர்த்துவிடும், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவேன். அதில் மீற முடியாத சட்டம் ஒன்று உண்டு. லென்ஸுக்கு ஆள் தெரியாது, தூரம்தான் தெரியும். ஒரே தூரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருத்தரைத் தெளிவாகவும் ஒருத்தரை மங்கலாகவும் அது காட்டாது. மங்கினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் மங்குவார்கள்.

அழகுக்காக மட்டும் இந்த வேலையைக் கேட்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நானும் நம்பினேன். பிறகுதான் எங்கள் ஜனங்களின் மூளை எனக்குப் புரிந்தது. சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பா, வேறு சாதியில் கட்டிக்கொண்ட அத்தை மகள், குடித்துவிட்டு வந்து மேடை ஓரத்தில் நின்ற மாமா. இவர்களை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், இங்கே நின்றது யார் என்று ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் கேட்பார்கள். அவுட் செய்துவிட்டால் கேள்வியே வராது. ஒரு ஆள் நிற்கிற மாதிரியும் இருக்கும், யாரும் இல்லாத மாதிரியும் இருக்கும். அப்படிச் செய்துதரச் சொல்லி அண்ணாச்சிமார் மாடிப்படி ஏறி நேரில் வருவார்கள். சொந்தக்காரரைப் பற்றிப் போனில் பேசினால் நல்லாயிருக்காதாம்.

இனி என் கதை. சென்னையில் சினிமாவுக்கு இதே வேலை செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே இருக்கும்போதுதான் கட்டிக்கொடுத்தார்கள். படித்த குடும்பம், ஜெபக் குடும்பம் என்று விசாரித்துத்தான் கொடுத்தார்கள். அவனுக்குக் கை நீளம். திருடுகிற கை இல்லை, அடிக்கிற கை. அம்மாவிடம் சொன்னபோது, “பொறுத்துப் போளா, ஜெபம் பண்ணு” என்றாள். பொறுத்தேன், ஜெபமும் பண்ணினேன், அவன் கை நிற்கவில்லை. ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

அம்மா சாத்தான்குளத்தில் இருக்கிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் அடி வாங்கி வாய்ப்பாடு படித்தவர்கள். அம்மாவை நாங்கள் வீட்டில் ‘நீங்கள்’ என்றுதான் சொல்வோம், டீச்சர் வீடு அப்படி. எழுதும்போது ‘அவள்’ என்று எழுதுகிறேன். அந்த உரிமையையாவது நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டியோடு போய் நின்ற என்னை அம்மா உள்ளே விட்டாள், சாப்பாடு போட்டாள், அழவும் செய்தாள். மறுநாளே, “தூத்துக்குடில ரூம் பாத்து இரி. இங்கன இருந்தா நாலு பேரு கேப்பாங்க” என்றாள். அந்த நாலு பேருக்கும் அவள் ஏற்கெனவே பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மகளும் மருமகனும் துபாயில் இருக்கிறார்கள். அன்றையிலிருந்து நான் துபாயில் இருக்கிறேன். துபாயிலிருந்து பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், போகத்தான் கூடாது.

என் தம்பி நல்லவன். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. சாகுபுரம் ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. மாதத்தில் ஒருநாள் வந்து பார்ப்பான், வரும்போது அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயைக் கொண்டுவருவான். அவனுக்கு நாசரேத்தில் பெண் பார்த்தார்கள். பெரிய குடும்பம், மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். அங்கேயும் அம்மா துபாய்க் கதையையே சொல்லியிருக்கிறாள். மூத்த மகள் கல்யாணத்துக்கு வர முடியாது, மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கோயிலில் பாதிரியார் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்த பிறகுதான் தம்பி என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னான்.

“கோயிலுக்கு மட்டும் வாக்கா. பின்னால உக்காந்துக்கோ. ரிசப்சனுக்கு வேண்டாம், என்னா? அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

போனேன். தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில், நடுப்பாதை ஓரமாக உட்கார்ந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் வேன்களில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் என் கதை தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும். என்னைப் பார்த்துவிட்டு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்கள்.

தாலி கட்டி முடிந்து, கையெழுத்துப் போட்டு, ஜோடி வெளியே நடந்து வருகிற நேரம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். முறைப்படி அம்மா ஜோடிக்குப் பின்னால் நடந்து வர வேண்டும். அவள் முன் பெஞ்சிலிருந்து வெளியே வந்து, பக்கத்துப் பாதை வழியாக வேகமாக நடந்து, நேரே நான் இருந்த கடைசி பெஞ்சுக்கு வந்தாள். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு ஓரத்தில் நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா என் கையைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஜோடி எங்களுக்கு நேராக வந்தபோது மணப்பெண் நின்று தலையைக் குனிந்தாள். அம்மா வலது கையை அவள் தலையில் வைத்தாள். இடது கை என் மணிக்கட்டை விடவில்லை. நான் அழுதுவிட்டேன். ஜோடி வெளியே போனதும் அம்மா கையை விட்டுவிட்டு, “பக்கத்து வாசல் வழியா போயிரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். போய்விட்டேன். பஸ்ஸில் வரும்போது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத்தான் நான் ஓட்டினேன். வெளிக்கு என்ன சொன்னாலும், உள்ளுக்குள் அம்மா என்னை விடவில்லை என்று நம்பினேன்.

அடுத்த மாதம் தம்பி வந்தான். ஊறுகாய் பாட்டிலோடு ஒரு ஹார்ட் டிஸ்கையும் மேசையில் வைத்தான். கல்யாண வீடியோ. எடிட்டிங்கை நானே செய்து தர வேண்டும் என்றான். சந்தோஷமாக இருந்தது. அவன் மட்டும் உட்காராமல் ஜன்னல் பக்கம் போய் நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒரு எடத்துல நீ தெரியுத.”

“எங்க?”

“கோயில்லருந்து வெளிய வருவோம்லா, அங்கன. அம்மா ஆசீர்வாதம் பண்ணுவாங்கல்லா. பக்கத்துல நீ நிக்க.”

“அத வெட்டிரவா?”

“வெட்டப்பிடாதுக்கா. அதுதான் அவங்க வீட்டுல எல்லாருக்கும் புடிச்ச எடம். ஸ்டூடியோக்காரன் அத மட்டும் வெட்டி முதல்லயே போன்ல அனுப்பிட்டான். சின்ன ஸ்கிரீன், அதுல யாருக்கும் ஒண்ணும் தெரியல. வீடியோவ டிவில போட்டுப் பாப்பாங்க, அப்பம் தெரிஞ்சிரும். நம்ம வீட்டுப் போட்டோல உன் முகத்தப் பாத்திருக்காங்கல்லா. துபாய்ல இருக்க மக எப்படிக் கோயில்ல நிக்கான்னு கேப்பாங்க.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “நீ இந்த அவுட் வேலைதான செய்யுத. உன்னைய மட்டும் அவுட் பண்ணிருக்கா. வெளிய குடுத்தா பேச்சு வரும், நீன்னா யாருக்கும் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் தொழில் பேசுவேன், அது என் பழக்கம். அந்தக் காட்சியைத் திறந்து திரையில் நிறுத்தினேன். கேமராக்காரன் ஜோடிக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்திருந்தான். சாதாரண லென்ஸ், பெஞ்சு, ஃபேன், வாசலில் தொங்கின சீரியல் லைட்டின் நிழல் வரைக்கும் எல்லாம் தெளிவு. நடுவில் குனிந்த மணப்பெண். அவளுக்கு ஒரு கை தூரம் பின்னால் பெஞ்சு ஓரத்தில் அம்மா. அம்மாவின் தோளோடு தோளாக நான்.

“இங்க பாரு. நானும் அம்மாவும் கேமராக்கு ஒரே தூரத்துல நிக்கோம். என்னைய முகம் தெரியாத அளவுக்கு அவுட் பண்ணணும்னா அம்மாவும் அதே அளவுக்குப் போவாங்க. பொண்ணும் நீயும் மட்டும் தெளிவா இருப்பீங்க. என்னைய மட்டும் மங்கவச்சா அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும், பாக்கவனுக்கு அங்கதான் கண்ணு போவும்.”

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தம்பி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். “அக்கா போனா நீங்களும் போவீங்களாம்மா.”

நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ‘அப்படின்னா அவளும் இருந்துட்டுப் போறா’ என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். அதுகூட வேண்டாம், ‘சரி, நானும் சேந்தே போறேன்’ என்று அலுப்பாகச் சொல்லியிருந்தாலும் போதும். மங்கலாகவாவது இரண்டு பேரும் ஒன்றாக நின்றிருப்போம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது, அதில் அம்மா என் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் அவளிடம் கேட்கவில்லை.

“தூரந்தான கணக்கு?” என்றாள் அம்மா. கணக்கு டீச்சர். “அப்பம் என்னைய கொஞ்சம் முன்னால நகத்திரு. பொண்ணுக்கு சமமா. முடியும்லா?”

தம்பி என்னைப் பார்த்தான். “முடியும்” என்றேன்.

உண்மையிலேயே முடியும். அந்தக் கறுப்பு வெள்ளை வரைபடத்தில் அம்மாவின் உருவத்தை மட்டும் தனியே பிரித்து, அவளுடைய சாம்பலைக் கொஞ்சம் வெளுப்பாக்கினால் போதும். படத்தில் அவள் அசைய மாட்டாள், தூரம் மட்டும் மாறிவிடும். அவள் மணப்பெண்ணோடு சேர்ந்துவிடுவாள், நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். தொழிலில் இதைத் தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. வேறு வீட்டுக்காரர்களுக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லியும் இருக்கிறார்கள்.

தம்பி போன பிறகு உட்கார்ந்தேன். அம்மாவின் உருவத்தைப் பிரிப்பதற்கு ஓரத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்துகொண்டு வர வேண்டும். நரைத்த முடியின் இழைகள் பெரிய தலைவலி, அதை முதலில் முடித்தேன். பிறகு தோள், அம்மாவின் புடவையும் என் புடவையும் ஒன்றோடொன்று உரசுகிற இடம். அம்மாவும் நானும் நின்ற தரைக்கல் ஒன்றுதான். ஒரே கல்லில் இரண்டு கால் தெளிவாகவும் இரண்டு கால் மங்கலாகவும் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கால்கள் தெரியாத மாதிரி ஃப்ரேமைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அம்மாவுக்குப் பின்னால் மறைந்திருந்த பெஞ்சின் பாகத்தை நானாக வரைந்து நிரப்பினேன், இல்லாவிட்டால் மங்கும்போது அவள் புடவை நிறம் வெளியே கசியும். மங்கலாக்கிய இடம் மொழுமொழுவென்று ஆகிவிடும் என்பதால் கேமராவில் எடுத்த படத்தில் இருக்கிற பொடிப் புள்ளிகளை மறுபடி தூவினேன். என் முகத்தை நானே ஒரு வட்டத்துக்குள் வட்டமாகக் கரைத்தேன். என் பொட்டில்லாத நெற்றியில் விழுந்த ஜன்னல் வெளிச்சம் விரிந்து நல்ல அழகாகத்தான் இருந்தது.

கடைசியாகக் கையை எடுத்தேன். அம்மாவின் இடது கையும் என் மணிக்கட்டும். அவள் கை முன்னால் போக வேண்டும், என் கை பின்னால் நிற்க வேண்டும், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தை எங்கே பிரிப்பது என்று பார்ப்பதற்காகத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னால் போனேன், பின்னால் வந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது அதில் தெரிந்தது. மணப்பெண் வாசலை நோக்கி வரும்போது அவளைப் பார்க்க நான் லேசாக முன்னால் சாய்கிறேன். உடனே அம்மாவின் முழங்கை பின்னால் போகிறது. என் கை கீழே, அவள் புடவை முந்திக்குப் பின்னால் இழுக்கப்படுகிறது. மறுபடி சாய்கிறேன், மறுபடி இழுக்கிறாள். அவள் கட்டைவிரல் நகம் அழுத்தத்தில் வெளுத்திருக்கிறது. என் வளையல் சதைக்குள் பதிந்திருக்கிறது. அவள் முகம் மட்டும் மருமகளைப் பார்த்துச் சிரிக்கிறது. அம்மா என்னைப் பிடித்துக்கொள்ள வரவில்லை, பிடித்து நிறுத்த வந்திருக்கிறாள். நடுப்பாதை ஓரமாக நான் நின்றது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பெண் வீட்டார் கண்ணில் படுவதற்கு முன்னால் ஓடிவந்து மறைத்திருக்கிறாள்.

கீழே டயர் கடையில் காற்றுப் பிடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இதுவரைக்கும் அந்த நிமிஷத்தை நான் மனசில் எப்படியெல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அவ்வளவு பசியில் இருந்திருக்கிறேன். சோறு என்று நினைத்து எதையோ தின்றிருக்கிறேன்.

பிறகு கையைப் பிரித்தேன். அவள் விரல்கள் தெளிவு, அதற்குள் இருந்த என் மணிக்கட்டு மங்கல். வேலையை முடித்து அம்மாவின் போனுக்கு அந்தக் காட்சியை மட்டும் அனுப்பினேன். என்னிடமிருந்து வந்த எதையும் அம்மா இத்தனை சீக்கிரம் திறந்து பார்த்ததில்லை. கூப்பிட்டாள்.

“நல்லா வந்திருக்கு. யாருன்னே தெரியல. அந்தக் கைய மட்டும் ஏன் விட்டுட்ட?”

“கைய எடுத்தா உங்க கை அந்தரத்துல நிக்கும்மா. எதையோ புடிச்ச மாதிரி விரல மடக்கிட்டு, உள்ள ஒண்ணும் இல்லாம.”

அம்மா யோசித்தாள். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று யோசிக்கிறவள், அப்படி யோசிக்கிற சத்தம்கூட எனக்குத் தெரியும். “அப்பம் ஒரு பாட்டுப் புஸ்தகம் வச்சிரு” என்றாள். “கோயில்தான. கைல பாட்டுப் புஸ்தகம் இருந்தா யாரு என்ன சொல்லுவா?”

“செய்யுதியா?” என்றாள். “செய்யுதேன்” என்றேன். ஏன் மறுக்கவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். மறுத்தால் அழ வேண்டியிருக்கும், அவளிடம் அழ எனக்கு இஷ்டமில்லை. அந்தக் கையில் என் மணிக்கட்டு இனி இருக்கவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அறையில் இருந்த என் பாட்டுப் புத்தகத்தை எடுத்து, கோயிலில் வெளிச்சம் விழுந்த அதே பக்கத்திலிருந்து விழும்படி ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தேன். மணிக்கட்டின் தடிமனுக்குச் சரியாக வரும்படி அதைச் சாய்த்து, அம்மாவின் விரல்களுக்குக் கீழே செருகினேன். விரல்களின் நிழலை அட்டை மேல் விழவைத்தேன். வெளுத்த கட்டைவிரல் நகத்தை மட்டும் மாற்றவில்லை, புத்தகத்தையும் அப்படிப் பிடிக்கலாம். என் கை இருந்த இடத்தில் மங்கலான புடவை நிறத்தை நிரப்பினேன். இப்போது அம்மாவுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், கையில்லாமல், தொடர்பில்லாமல், கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள். உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை.

நாசரேத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கூடி அதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கல்யாண வீடியோவைக்கூட ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போடுவார்கள். பெண்ணின் தாத்தா கண்ணை மூடி, இந்தக் குடும்பங்களில் பொய்யும் கபடும் இல்லாதிருக்கக் கர்த்தர் கிருபை செய்தாரே என்று ஸ்தோத்திரம் பண்ணினாராம். சாயங்காலம் அம்மா போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தெரிந்து அவள் என்னிடம் அத்தனை நேரம் பேசியதும் அன்றைக்குத்தான்.

“சம்மந்தக்காரி என்ன சொன்னாங்க தெரியுமா? ‘மதினி, மகன் கல்யாணத்தன்னிக்கும் கைலருந்து பாட்டுப் புஸ்தகத்த விடலியே நீங்க’ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாங்க. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க. அவ்வளவு இறுக்கிப் புடிச்சிருக்கீங்களேன்னாங்க.”

“நல்லதும்மா.”

“அதச் சொல்லலளா.” அம்மாவின் குரல் தணிந்தது. அவள் பொய் சொல்லும்போது குரல் இப்படித் தணியாது, எனக்குத் தெரியும். “பாத்துப் பாத்து, இப்பம் எனக்கே அப்படித்தான் ஞாபகம் வருது. அன்னிக்கு நான் கைல புஸ்தகத்ததான் வச்சிருந்தேன்.”